தேரும் காற்றுச் சுரங்கமும்: இலக்கியத்தில் காற்றியக்கவியல் காணும் போக்கு – ஒரு திறனாய்வு

முன்னுரை

பழந்தமிழ் இலக்கியத்தில் அறிவியல் கூறுகளைத் தேடும் கட்டுரைகள் இன்று பல்கியுள்ளன. அவற்றுள் ஒரு சாரன, ஊர்தியும் வளியும் இடம்பெறும் பாடல்களைக் கொண்டு, தமிழர் காற்றியக்கவியலை முன்னரே அறிந்திருந்தனர் என முடிவு கூறுகின்றன. அம்முடிவுக்கு எத்தகைய சான்று வேண்டும் என்பதைக் காற்றுச் சுரங்கச் சோதனையையும் சுசீந்திரம் தாணுமாலயன் கோயில் தேரையும் முன்வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சோதனையின் இயல்பு

1871இல் இங்கிலாந்தில் பிரான்சிஸ் வென்ஹாம் காற்றுச் சுரங்கத்தை அமைத்தார். 1901இல் ரைட் சகோதரர்கள் தம் சுரங்கத்தில் இறக்கை வடிவங்களை ஒப்பிட்டு அளந்தனர். மகிழுந்துச் சோதனையில் வண்டி நிற்க, காற்று அதனை நோக்கி ஓடுகிறது. வண்டியின் மீது படும் விசையைத் தராசு அளக்கிறது. சாலையில் தரையும் வண்டிக்குப் பின்னோக்கி நகர்வதால், நுட்பமான சுரங்கங்களில் வண்டிக்கு அடியில் பட்டை ஒன்று ஓடவிடப்படுகிறது. பிறவற்றை மாற்றாது வடிவத்தை மட்டும் மாற்றி அளப்பதே இம்முறையின் உயிர்நிலை.

காற்றுத்தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். முன்பரப்பு 2.2 சதுர மீட்டரும் தடைக்கெழு 0.3உம் உடைய மகிழுந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 305 நியூட்டன் தடையை எதிர்கொள்ளும். வேகம் பாதியானால் தடை கால்பங்காகும்.

தேரின் நிலை

சுசீந்திரத்தில் மார்கழித் திருவிழாவின் ஒன்பதாம் நாள் தேரோட்டம் நிகழ்கிறது. வடம் பிடிப்போரின் நடைவேகமே தேரின் வேகம். கணக்கின்பொருட்டு முன்பரப்பு 30 சதுர மீட்டர், தடைக்கெழு 1, வேகம் நொடிக்கு 1 மீட்டர் எனக் கொண்டால், காற்றுத்தடை 18 நியூட்டன் மட்டுமே. இரண்டு கிலோகிராம் எடைக்கும் குறைவு. ஆகவே, காற்றைக் கிழித்து விரையவே தேர் மேல்நோக்கிக் குறுகியது எனும் விளக்கம் இயற்பியலால் நிலைபெறாது.

எனினும் தேருக்கும் காற்றுக்கும் தொடர்பில்லை என்பதும் பொருந்தாது. அதே பரப்பின் மீது நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் பக்கக்காற்று மோதினால் விசை 4,050 நியூட்டனாக உயரும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஒடுங்கி விரையும் தென்மேற்குப் பருவக்காற்று முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் நாடு இது. எனவே ஆராயத்தக்கது தேரின் விரைவன்று, அதன் நிலைப்பாடே. அடித்தட்டின் அகலம், சக்கரங்களின் இடைவெளி, மேற்பகுதியின் எடை, காற்றை வாங்கும் சீலைகளும் தொம்பைகளும், முட்டுக்கட்டை இடுவோரின் பட்டறிவு ஆகியவற்றில்தான் அதற்குரிய சான்றுகள் உள்ளன.

பாடல்களின் நிலை

புறநானூற்றின் 27ஆம் பாடல் குறிக்கும் வலவன் இல்லா வானூர்தி, புகழுக்குரிய செயல் புரிந்தோர் எய்தும் மறுமைப் பேறு. அதனை இயந்திரமாகக் கொள்வது பாடலின் நிலையாமைப் பொருளைச் சிதைக்கும். வெண்ணிக் குயத்தியாரின் 66ஆம் பாடலோ காற்றின் இயல்பறிந்து கலம் செலுத்திய மரபைச் சுட்டுகிறது. முன்னது நம்பிக்கை, பின்னது தொழிலறிவு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து இரண்டையும் ‘அறிவியல்’ என அழைக்கும்போது, உண்மையில் மதிப்புடைய பின்னதே ஒளி இழக்கிறது.

முடிவுரை

தொழிலறிவுக்குப் பெருமை சேர்க்க அதனைக் காற்றியக்கவியல் எனப் பெயர்மாற்ற வேண்டுவதில்லை. எதனை அளந்தனர், எதனோடு ஒப்பிட்டனர், தவறு கண்டவிடத்து எதனை மாற்றினர் எனும் வினாக்களுக்கு விடை தரும் சான்றே ஆய்வுச் சான்றாகும். தேர்த்தச்சரிடமும் வடம் பிடிப்போரிடமும் எஞ்சியுள்ள அறிவைக் களஆய்வால் தொகுப்பது, பாடலடிகளுக்குப் புதுப்பொருள் ஏற்றுவதினும் இன்றியமையாத பணியாகும்.