ஒரு பருப்பு, நாலு அடுப்பு

கொச்சி இடப்பள்ளியில் பேரங்காடியின் உணவுக்கூடத்தில் எந்த ஊர்ச் சாப்பாடும் கிடைக்கும். ஆனால் துவரம்பருப்பின் அருமை தெரிய வேண்டுமென்றால், தென்மேற்கே மட்டாஞ்சேரிக்குப் போக வேண்டும்.

16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியரின் கெடுபிடி தாங்காமல் கோவாவை விட்டுவந்த கொங்கணிகள் இங்கே குடியேறினார்கள். அவர்களின் 'தாளி தோய்' எளிமையின் உச்சம். குழைய வெந்த பருப்பில் பச்சைமிளகாயும் பெருங்காயமும். மேலே தேங்காய் எண்ணெயில் கடுகு, வரமிளகாய், கறிவேப்பிலைத் தாளிப்பு. புளி கிடையாது. வணிகத்துக்கு வந்த குஜராத்திகள் அதே பருப்பில் வெல்லத்தையும் புளிப்பையும் சேர்த்து, இனிப்பை முன்னால் நிறுத்துவார்கள். அருகே ஃபோர்ட் கொச்சியின் தோபிகானாவில், காலனிய காலத்தில் துணி வெளுக்க வந்த தமிழர்களின் வழித்தோன்றல்கள் இருக்கிறார்கள். தமிழ் அடுப்பில் புளி கரையாமல் சாம்பார் ஏது? மலையாள வீட்டிலோ தேங்காயும் சீரகமும் அரைத்துவிட்டால்தான் பருப்புக்கறி.

வெளியிலிருந்து வந்த இந்த மூன்று சமூகத்தாரும் தெருவில் மலையாளம் பேசுகிறார்கள். பள்ளியும் கடையும் அதைக் கற்றுக்கொடுத்தன. வீட்டுக்குள் தாய்மொழி. அதில் எழுதப் பழகாத பிள்ளைக்குக்கூட, "இன்னும் கொஞ்சம் உப்பு", "தாளிப்பு கருகுது" என்பதெல்லாம் தாய்மொழியில்தான் காதில் விழுகிறது. அளவுக் கரண்டியில்லாத சமையல், பேச்சில்தான் கைமாறுகிறது.

மொழியைக் காக்க மாநாடு கூட்டுவது நல்லதுதான். அதற்கு முன், பிள்ளைகளை அடுப்படிக்குக் கூப்பிட்டு, நம் மொழியிலேயே ஒரு பருப்பு வைக்கக் கற்றுக்கொடுங்கள்.