வம்புக்கார மீனை வெளியேற்றலாம், பிறகு?

கடலோரம் இல்லாத திண்டுக்கல்லில் வீட்டுக்குள் கடல்நீர்த் தொட்டி வைப்பது இன்னும் சிலரின் ஆசை மட்டுமே. 'நீமோ வேண்டும்' என்று பிள்ளைகள் கேட்கும் கோமாளி மீனுக்காக அதில் இறங்குபவர்கள் உண்டு. அவர்களை விரைவிலேயே வந்து மறிக்கிற சிக்கல் ஒன்று இருக்கிறது. விரல் நீளம்கூட இல்லாத ஒரு மீன், தொட்டியிலுள்ள மற்ற மீன்களையெல்லாம் துரத்தித் துடுப்பைக் கிழிக்கும். 'பிடித்து வெளியே போடு' என்பதே வழக்கமான யோசனை. அந்த யோசனையில் பாதி சரி, பாதி தவறு.

வம்பு செய்வது பெரும்பாலும் டேம்சல் இன மீன். விலை குறைவு, எதையும் தாங்கும் உடம்பு. புதுத் தொட்டியில் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பெருகச் சில வாரங்கள் ஆகும். அவற்றுக்குத் தீனி கிடைக்கட்டும் என்று டேம்சலை முதலில் விடுவது பழைய பழக்கம். நஞ்சேறிய நீரில் பிழைத்த மீன், அதற்குள் பாறை முழுவதையும் தனதாக்கிக்கொள்கிறது. பின்னால் வரும் கோமாளி மீன் அதன் கண்ணுக்கு அத்துமீறி நுழைந்த எதிரி. மீனின் குணம் பாதிக் காரணம் என்றால், அதை முதலில் குடியேற்றிய நம் அவசரம் மீதிக் காரணம்.

வெளியேற்றுவதன் நியாயத்தை மறுக்க முடியாது. பவளப்பாறைக் கடலில் தோற்ற மீன் நீந்தி விலகிவிடும். 200 லிட்டர் கண்ணாடிப் பெட்டியில் விலக இடமில்லை. துரத்தப்படும் மீன் தீனி எடுக்காது, வெள்ளைப்புள்ளி நோய்க்கு எளிதில் இரையாகும். ஒன்றை அகற்றினால் மற்றவை பிழைக்கும் என்ற நிலையில் தயங்குவதுதான் கொடுமை.

வழிகளை எடைபோடுவோம். வலையைக் கண்டதும் டேம்சல் பாறை இடுக்கில் புகுந்துவிடும். அதைத் துரத்துவதில் களைப்பது மற்ற மீன்கள்தான். எதிர்முள் இல்லாத சிறு தூண்டில் விரைவாகப் பலன் தரும். ஆனால் வாய் கிழியலாம், வேறு மீனும் சிக்கலாம். பாறைகளைக் கலைத்து நீரை இறைத்தால் மீன் நிச்சயம் அகப்படும். ஆனால் இந்த ஊரில் அதன் விலை அதிகம். ஆழ்துளைக் கிணற்று உப்புநீர் உதவாது, ஆர்.ஓ. நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் கடலுப்புக் கலவை கரைக்க வேண்டும். அதாவது 200 லிட்டருக்கு 7 கிலோ. இறைத்த நீரைச் சுத்தமான டிரம்மில் சேமிக்காமல் செடிக்கு ஊற்றினால் செடியும் போகும்.

மிஞ்சுவது பொறி. தீனி வைத்த கண்ணாடிப் பெட்டியோ, கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகிய தண்ணீர் பாட்டிலோ போதும். ஒருநாள் மற்ற தீனியை நிறுத்தி, பொறிக்குள் மட்டும் போட்டால் துணிச்சல் மிக்க மீன்தான் முதலில் நுழையும். நமக்கு வேண்டியதும் அதுவே. பொறுமை தேவை என்பதைத் தவிர இதில் பெரிய குறை இல்லை. தொட்டிக்குள்ளேயே தடுப்புப் பெட்டியில் சில நாள் அடைத்து, பாறைகளை இடம் மாற்றி, பிறகு திறந்துவிடுவதும் சில சமயம் பலிக்கும். எல்லை கலைந்தால் உரிமையும் கலையும். ஆனால் சின்னத் தொட்டியில் அது நிலைக்கும் என்று நம்ப முடியாது.

'பிடித்து வெளியே போடு' என்ற யோசனையின் பெரிய ஓட்டை, பிடித்த பிறகு என்ன என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லாததுதான். கடல்மீனைக் குளத்தில் விட்டால் நன்னீர் உடம்புக்குள் புகுந்து அது துடித்துச் சாகும். அதற்குப் பெயர் விடுதலை இல்லை. மண்டபம் கடற்கரை வரை கொண்டுபோய்க் கடலில் விடுவதும் தீர்வாகாது. தொட்டியில் ஒட்டிய நோய் கூடவே போகும். அந்தக் கடலுக்கே உரிய மீன்தானா என்பதும் நிச்சயமில்லை. இந்தோ-பசிபிக் கடலின் சிங்க மீன் 1985-இல் ஃபுளோரிடா கரையில் தென்பட்டது. வீட்டுத் தொட்டிகளிலிருந்து விடப்பட்டவையே அங்கு பெருகின என்று கருதப்படுகிறது. இன்று கரீபியன் பவளப்பாறைகளின் பெரிய தொல்லை அது.

நன்னீர் வம்பர்கள் இதைவிட ஆபத்து, ஏனெனில் அவை பிழைத்துக்கொள்ளும். 1952-இல் இந்தியாவுக்குள் வந்த ஜிலேபி மீன் தமிழ்நாட்டு நீர்நிலைகளை எப்படிப் பிடித்தது என்பது மீன் சந்தைக்குப் போகும் யாருக்கும் தெரியும். பிளவர்ஹார்ன், டேங்க் கிளீனர் போன்ற தொட்டி மீன்களை ஆத்தூர் அணைப் பக்கமோ ஊர்க் கண்மாயிலோ விட்டுவிட்டுப் புண்ணியம் செய்ததாக நினைப்பது அதே தவறின் புதுப்பதிப்பு.

ஆகவே தீர்ப்பு இது: பொறி வைத்துப் பிடிப்பது நல்ல வழி, ஆனால் கடைசி வழி. பொறி வைக்கும் முன்பே, மீனைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் கடையையோ வேறு தொட்டிக்காரரையோ பேசி முடித்துவிடுங்கள். அதற்கும் முன்பு, மீனே இல்லாமல் அமோனியா சொட்டுகளைக் கொண்டு தொட்டியைப் பழக்குங்கள். சாதுவான மீன்களை முதலிலும், முரட்டு மீனைக் கடைசியிலும் விடுங்கள், அதுவும் வேண்டுமென்றால் மட்டும். வரிசையைச் சரியாக வைத்தவருக்குப் பொறி பெரும்பாலும் தேவைப்படாது.