பெயின்ட்டுக்கு அடியில்

விற்றுப்போன காரைத் தேடிப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு கறுப்பு வெள்ளை போட்டோவோடு வருவார்கள். தேடுவது ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்றால் அந்தப் போட்டோவால் பெரிய பிரயோஜனமில்லை. நிறம் மாறியிருப்பது சின்ன விஷயம். ஹெரால்டின் உடம்பே கழற்றி மாட்டுகிற உடம்பு. அடியில் தனி சேஸ், மேலே போல்ட்டில் நிற்கும் பாகங்கள். ஒரு வண்டியின் கதவு இன்னொரு வண்டியில் ஏறியிருக்கும். பானெட் எந்தக் காயலாங்கடையிலிருந்து வந்ததோ, யார் கண்டது!

இங்கிலாந்தில் 1959இல் டிரையம்ஃப் ஹெரால்டு வந்தபோது, சின்ன கார் செய்த மற்ற கம்பெனிகள் பலவும் தனி சேஸைக் கைவிட்டிருந்தன. இத்தாலிக்காரர் ஜொவான்னி மிக்கெலாட்டி வரைந்த அந்தக் காரை, 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் செய்தது. 1968இல் நான்கு கதவு வைத்தார்கள். அந்த வண்டி பிறந்த நாட்டுக்காரர்களுக்கே கிடைக்கவில்லை. இரண்டு கதவு ஹெரால்டுதான் அழகு என்று ரசிகர்கள் சாதிப்பார்கள். அழகு என்று மட்டும் பார்த்தால் சரிதான். பின்சீட்டில் பாட்டியை ஏற்றி இறக்கியவர்களின் கட்சி வேறு.

உதாரணத்துக்குச் சீர்காழியை எடுத்துக்கொண்டால், அந்தப் பக்கத்து ரோடுகளுக்கு இது தோதான வண்டி. ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வயல் என்று ஓடும் ஒற்றை ரோட்டில் வண்டியைத் திருப்பிப் பார்த்தவர்களுக்கு ஹெரால்டின் அருமை தெரியும். சுமார் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். பானெட்டைத் தூக்கினால் மட்கார்டும் ஹெட்லைட்டும் சேர்ந்து முன்பக்கம் சாய்ந்துகொள்ளும். 948 சிசி என்ஜினும் முன் சஸ்பென்ஷனும் மொத்தமாக வெளியே தெரியும். மெக்கானிக் முன் டயர்மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். பின்னால் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்துக் குறுக்கே ஒரே லீஃப் ஸ்பிரிங். டிக்கியில் நெல் மூட்டை ஏற்றினால் பின்சக்கரங்கள் கால் அகட்டி நிற்கும். வளைவில் வேகமாக ஒடித்தால் அதே அமைப்பு முரண்டு பிடிக்கும். அதைக் குறையென்று ஒப்புக்கொள்ளாத ஹெரால்டுக்காரர்களும் உண்டு.

தேடுவதற்குப் பிடி ஆர்.சி. புத்தகம்தான். அதிலும் ஒரு சிக்கல். சீர்காழி 1991 வரை தஞ்சாவூர் மாவட்டம், பிறகு நாகப்பட்டினம், 2020 முதல் மயிலாடுதுறை. கார் கொட்டகையை விட்டு நகராமலே மூன்று மாவட்டம் பார்த்திருக்கும். எந்த ஆர்.டி.ஓ. ஆபீஸில் போய்க் கேட்பது என்று தெளிவதற்கே பொறுமை வேண்டும். அப்படியே கார் அகப்பட்டாலும் சேஸ் தாங்குமா? பக்கத்திலேயே கடல், உப்புக்காற்று. 2022 நவம்பரில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டிய ஊர். ஹெரால்டின் சேஸ் உள்ளே வெற்றிடமாக இருக்கும் இரும்புப் பெட்டி. சேறு புகுந்து தங்கினால் துரு உள்ளிருந்து தின்னும், வெளியே பெயின்ட் பளபளப்பாகவே இருக்கும்.

நம்பர் ஒத்துப்போன பிறகும் வீட்டுக்காரர்கள் தேடுவது வேறு அடையாளங்களை. டாஷ்போர்டுக்கு அடியில் ரேடியோவுக்காகப் போட்ட துளை, தூண் இடித்த மட்கார்டில் டிங்கர் வைத்த பித்தளைப் பற்று. இப்படிப்பட்ட அடையாளங்களின் மதிப்புக்கு ஓர் உதாரணம்: 1968இல் வந்த ‘புல்லிட்’ படத்தில் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிய மஸ்டாங்கை, 1977இல் அவரே கடிதம் எழுதி விலைக்குக் கேட்டார்; வைத்திருந்தவர் கொடுக்கவில்லை. பல பத்தாண்டுகள் மறைந்திருந்துவிட்டு, 2020 ஏலத்தில் அது 37 லட்சம் டாலருக்கு மேல் போனது. படப்பிடிப்புக்காக அடியில் பற்றவைத்த கேமரா தாங்கிகளும் பழைய கீறல்களும் அப்படியே இருந்தன. பாலிஷ் போட்டு அவற்றை அழித்திருந்தால் அந்த விலை வந்திருக்காது என்பது என் கணிப்பு.

நம்மூரில் நடப்பது நேர்மாறு. கார் கிடைத்த வாரமே பட்டறைக்குப் போகும். பட்டி பூசி, மேக்கப் போட்ட மாப்பிள்ளையாக வெளியே வரும். துருப்பிடித்த சேஸை வெட்டி எறிந்து வெல்டிங் வைக்கட்டும், அதில் தயவுதாட்சண்யம் கூடாது. பித்தளைப் பற்றுக்கு மட்டும் சாண்ட்பேப்பர் காட்ட வேண்டாம்.