செட்டிநாடு: வீட்டையும் இலையையும் ரசிப்பது எப்படி?

காரைக்குடிக்கு முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே நாளில் நான்கைந்து மாளிகைகளுக்குள் நுழைந்து வெளிவந்து, தூணோரம் நின்று படம் எடுத்து, மதியம் காரம் தூக்கலான ஒரு கோழிக்குழம்பைச் சாப்பிட்டு மூக்கைச் சிந்தியபடி ஊர் திரும்புகிறார்கள். 'எம்மாம்பெரிய வீடு!' என்ற வியப்பு இரண்டாவது வீட்டிலேயே சலித்துவிடும். எதைக் கண்டாலும் 'இது கப்பலில் வந்ததா, இந்த மண்ணில் பிறந்ததா?' என்று கேட்டுப் பார்க்க வேண்டும். செட்டிநாட்டு வீடும் விருந்தும் அந்தக் கேள்விக்குத்தான் பிடி கொடுக்கின்றன.

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களாகச் சிதறிக் கிடக்கும் இந்தப் பகுதி வானம் பார்த்த பூமி. விளைச்சலை நம்பாத நகரத்தார் என்ற வணிகச் சமூகத்தினர் பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போனார்கள். வட்டித் தொழிலில் ஈட்டியதை ஊரில் வீடாகக் கட்டினார்கள். பெரிய வீடுகளில் பலவும் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கும் 1940-களுக்கும் இடையில் எழுந்தவை. 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தது. கட்டுமானமும் ஏறக்குறைய அத்தோடு நின்றது.

வீட்டைப் பார்க்கத் தெருவிலிருந்தே தொடங்கலாம். வாசல் ஒரு தெருவில், பின்கதவு அடுத்த தெருவில். இரண்டுக்கும் நடுவே திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, சமையற்கட்டு என்று வரிசையாக நீளும். வாசற்படியில் நின்றால் பல வீடுகளில் கடைசிக் கதவு வரை பார்வை தடையில்லாமல் ஓடும். முகப்பில் பர்மாத் தேக்குத் தூண், இத்தாலிய மார்பிள், பெல்ஜியம் கண்ணாடி எல்லாம் இருக்கும். அவை வந்தவர் கண்ணுக்காக வைத்தவை. ஒரு நிமிடம் போதும். அதிக நேரம் தர வேண்டிய இடம் வளவு. வானம் திறந்த முற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள். மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒரு பங்கு. கூரைச் சரிவுகள் மழைநீரை முற்றத்துக்குள் இறக்குகின்றன. பாத்திரங்களில் பிடித்தது போக மிச்சம் வடிகால் வழியே போகும். வறண்ட ஊரில் கட்டிய வீடு என்பது அங்கேதான் தெரியும்.

சுவரைத் தொட்டுப் பார்க்கத் தயங்க வேண்டாம் (வீட்டுக்காரர் அனுமதித்தால்). சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய், வெல்லம் சேர்த்துப் பல பூச்சாகப் பூசித் தேய்த்த சுவர், உச்சி வெயிலிலும் குளிர்ந்தே இருக்கும்.

தரையில் பதிந்திருப்பது வெளிநாட்டு ஓடா, ஆத்தங்குடிக் கல்லா என்று பார்ப்பது நல்ல பயிற்சி. காரைக்குடிப் பக்கத்து ஊரான ஆத்தங்குடியில் செய்யும் இந்தத் தரைக்கல் சூளை காணாதது. கண்ணாடிப் பலகைமேல் சட்டத்தையும் அச்சையும் வைத்து, நிறம் கலந்த சிமெண்ட் குழம்பைக் கரண்டியால் கட்டம் கட்டமாக ஊற்றி, மேலே உலர் கலவை தூவி, மணலும் சிமெண்டும் வைத்து அழுத்துகிறார்கள். பிறகு தண்ணீரில் ஊறவைத்து, காய்ந்ததும் கண்ணாடியைக் கழற்றுகிறார்கள். அந்தக் கண்ணாடியின் வழவழப்புதான் கல்லின் முகம். கையால் ஊற்றுவதால் இரண்டு பூக்கள் ஒன்றுபோல் இருக்காது. கோணலைத் தேடிப் பாருங்கள், கிடைத்தால் அசல். கால் படப்பட மெருகேறும் இந்தத் தரைக்கு முன்னால் இத்தாலிய மார்பிள் எனக்குச் சற்று மந்தமாகவே படுகிறது.

இலைக்கு முன் உட்கார்ந்தாலும் அதே கேள்விதான். அன்னாசிப்பூ கீழ்த்திசைச் சரக்கு. கருஞ்சிவப்பாக வேகும் கவுனி அரிசி பர்மா போய்வந்தவர்கள் பழகிக்கொண்ட பண்டம். அதை இரவே ஊறவைத்து, வேகவிட்டு, சர்க்கரையும் தேங்காயும் சேர்க்க வேண்டும். மெல்ல மெல்லத்தான் அதன் ருசி தெரியும், அவசரக்காரர்களுக்கு அது வெறும் பிசுபிசுப்பு. கல்பாசி, மராட்டி மொக்கு வாசனையைப் பிரித்தறிய, குழம்பைச் சோற்றில் பிசையும் முன் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்க்கலாம். முதலில் வர வேண்டியது வாசனை, காரம் பின்னால். காரம் மட்டும் முந்திக்கொண்டால் சமைத்தவர் பெயர்ப்பலகையை நம்பிச் சமைத்திருக்கிறார் என்று கொள்ளலாம்.

ஆனால் இந்தச் சமையலின் கெட்டிக்காரத்தனம் உள்ளூர்ச் சரக்கில் இருக்கிறது. அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டாமல் புளியும் வெண்டைக்காயும் சேர்த்துக் கொதிக்கவைத்தால் மண்டி. அவித்து மசித்த கத்தரிக்காயில் புளி கரைத்தால் கோஸ்மல்லி. இட்லிக்கு இதைவிடப் பொருத்தமான துணை அரிது. காய் கிடைக்காத நாளுக்கு வற்றல். மாளிகை கட்டிய கை கழுநீரைக்கூட வீணாக்கவில்லை என்பது சாப்பிடும்போது நினைவில் இருந்தால் ருசி கூடும்.

மாலை இடைப்பலகாரத்துக்கு வெள்ளைப் பணியாரம் கேளுங்கள். பச்சரிசியும் உளுந்தும் அரைத்த மாவை எண்ணெயில் ஊற்றி, சிவக்க விடாமல் எடுக்க வேண்டும். ஓரம் மொறுமொறுப்பாகவும் நடு பஞ்சாகவும் இருந்தால் கைப்பக்குவம் உள்ள வீடு. ஆறினால் பயனில்லை, சட்டியருகே நின்றே சாப்பிடலாம், தவறில்லை.

காரைக்குடியின் முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. எனாமல் தூக்கு, மரப்பெட்டி, பழைய படங்கள் ஆகியவற்றைப் பார்த்துப் பொழுதுபோக்கலாம். தேக்குத் தூணையும் செதுக்கிய நிலைக்கதவையும் மட்டும் வாங்க வேண்டாம். அவை இடிக்கப்பட்ட வீடுகளிலிருந்து கழற்றியவை. விலை கிடைக்கிற வரை இன்னொரு வீட்டின் மீதும் கடப்பாரை விழும். பணம் செலவழிக்க ஆசையிருந்தால் ஆத்தங்குடிக்குப் போய், கண்ணெதிரே ஊற்றும் புதுக் கல்லை வாங்கலாம்.