பிறந்த வீடு, புகுந்த வீடு: ஒரு கெர்னல் சோதனையை ரசிப்பது எப்படி?

"கெர்னலா? அதெல்லாம் நமக்கு எட்டாது" என்று நிரல் எழுதுகிறவர்களே ஒதுங்கிப்போவதைப் பார்த்தால் ஆற்றாமையாக இருக்கிறது. சில நூறு வரி ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்றைத் திறந்து பார்த்தால் போதும். லினக்ஸ் கெர்னலுக்குள் வயர்கார்டு டிரைவரைச் சோதிக்கும் நெட்என்எஸ் என்ற ஸ்கிரிப்டைத்தான் சொல்கிறேன்.

அடிப்படையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வயர்கார்டுக்கு அட்டையும் இல்லை, கம்பியும் இல்லை. அது முழுக்க மென்பொருளாலான நெட்வொர்க் டிரைவர். வரும் பேக்கெட்டைப் பூட்டி, யூடிபியில் வைத்து அனுப்பும். இதை எழுதிய ஜேசன் டோனன்ஃபெல்ட் 2018 ஜூலையில் இதை கெர்னலுக்கு முன்வைத்தார். 2019 டிசம்பரில் கெர்னலின் நெட்வொர்க் பகுதியைப் பராமரித்த டேவிட் மில்லர் தன் கிளையில் ஏற்றார். 2020 மார்ச்சில் வந்த 5.6 பதிப்பில் அது எல்லோருக்கும் கிடைத்தது. இடையில் ஓடிய காலத்தை, எந்தக் குறியாக்க நூலகத்தைப் பயன்படுத்துவது என்ற சண்டையாக மட்டுமே எழுதுகிறவர்கள், சோதனை என்ற சுவையான பாதியை விட்டுவிடுகிறார்கள்.

ஸ்கிரிப்ட் மூன்று நேம்ஸ்பேஸ்களை உருவாக்குகிறது. ஒரே கணினிக்குள் மூன்று தனி வீடுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடு வீட்டில் லூப்பேக் மட்டும்தான் உண்டு. இரண்டு வயர்கார்டு இடைமுகங்களும் அங்கேதான் பிறக்கின்றன. பிறகு ஒன்று இடப்பக்க வீட்டுக்கும் மற்றது வலப்பக்க வீட்டுக்கும் போகின்றன. ஆனால் பூட்டிய பேக்கெட் வெளியேறும் சாக்கெட் பிறந்த வீட்டிலேயே தங்கிவிடுகிறது. ஓரத்து வீடுகளுக்கு வேறு வாசல் கிடையாது. ஆகவே இங்கிருந்து விட்ட பிங் அங்கே போய்ச் சேர்ந்தால், வயர்கார்டின் சுரங்கம் வழியாகத்தான் போயிருக்க வேண்டும். ஒரு கம்பிகூட இல்லாமல் இப்படி ஒரு நிரூபணம்!

அடுத்து பிங், டிசிபி, யூடிபி, ஐபிவி4, ஐபிவி6, எம்டியு மாற்றம் எல்லாம் வரும். ஓட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் நிற்க விரும்பும் இடம் வேறு. டிரைவர் ஓடுவது ஒன்று, விட்டு விலகுவது இன்னொன்று. வேக வரைபடத்தைப் போட்டுவிட்டு "சோதித்தாயிற்று" என்கிறவர்கள் முதலாவதை மட்டுமே பார்த்தவர்கள். வயர்கார்டு நாலாயிரம் வரிதான், லினக்ஸைப் படைத்த டோர்வால்ட்ஸே புகழ்ந்தார் என்று திரும்பத் திரும்ப எழுதும் விமர்சகர்கள் அதையும் பார்க்காதவர்கள். சாதாரண நிரல் நினைவகத்தை விடாமல் செத்தாலும் கெர்னல் துடைத்துவிடும். கெர்னலே விடாமல் வைத்துக்கொண்டால் மறுதொடக்கம் வரை அது அப்படியே கிடக்கும். இடைமுகத்தை நீக்கும்போது பேக்கெட் வரிசையில் நிற்கலாம், சாவி மாற்றம் பாதியில் இருக்கலாம். அந்தக் கணத்தில்தான் டிரைவரின் குணம் தெரியும்.

விலகுவதில் வயர்கார்டே ஒருமுறை சிக்கிக்கொண்டது. பெண் கொடுத்துப் பெண் எடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். 'அ' வீட்டில் பிறந்த இடைமுகம் 'ஆ' வீட்டுக்குப் போகிறது, 'ஆ' வீட்டில் பிறந்தது 'அ' வீட்டுக்கு வருகிறது. பழைய நிரலில் இரண்டும் தத்தம் பிறந்த வீட்டை இறுகப் பிடித்திருந்தன. பிடி விட்டால்தான் வீடு கலையும், வீடு கலைந்தால்தான் உள்ளே இருக்கும் இடைமுகம் போகும். ஆக இரண்டு வீடுகளுமே கலையவில்லை. கெர்னல் ஏற்ற பிறகு, 2020 ஜூனில்தான் இது திருத்தப்பட்டது. திருத்தத்தின் அழகைப் பாருங்கள்: யாரும் பிறந்த வீட்டைப் பிடிக்கவே வேண்டாம். அது கலையும்போது அதைச் சுட்டிய குறிப்பை அழித்துவிட்டால் போதும். அதே பேட்ச் இந்த மாற்றுச் சம்பந்தத்தையும் ஒரு சோதனையாக ஸ்கிரிப்டில் சேர்த்தது.

அதனால் ஸ்கிரிப்டை அடியிலிருந்து படியுங்கள். அங்கே கெர்னலின் செய்திப் பதிவைத் தேடி, உருவான ஒவ்வொரு இடைமுகத்துக்கும் எதிர்முனைக்கும் சாவிக்கும் 'அழிந்தது' என்ற வரி வந்திருக்கிறதா என்று கணக்குப் பார்க்கும். இவ்வளவு எளிமையான முறையை நான் வேறெங்கும் ரசித்ததில்லை.

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். சோதனைக்கென்றே உள்ள சின்ன க்யூஇஎம்யூ மெய்நிகர் இயந்திரத்தில், டிரைவர் ஓர் எதிர்முனையின் பிடியை விடும் வரி ஒன்றை அடைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். நான் அதை இரவில் உட்கார்ந்து செய்வேன். பிங் போகும், வேகம் குறையாது, திரை முழுக்கப் பச்சையாகவே ஓடும். கடைசிக் கணக்கில் மட்டும் ஒரு பெயர் வந்து நிற்கும்: பிறந்தது, அழியவில்லை.