49 தடவை தூக்கியவரின் உச்ச பலம்

ஆண்டுதோறும் பிப்ரவரி மாதக் கடைசியில், அமெரிக்கக் கால்பந்து லீகின் பயிற்சியாளர்களும் குழு நிர்வாகிகளும் இண்டியானாபோலிஸ் நகரில் கூடி, கல்லூரி ஆட்டத்தை முடித்துத் தொழில்முறை ஆட்டத்தில் புகக் காத்திருக்கும் இளைஞர்களை ஓடச் செய்தும் தாண்டச் செய்தும் பரீட்சிப்பது வழக்கம். அப்பரீட்சைகளுள் ஒன்று, பெஞ்சின்மேல் மல்லாந்து படுத்து, 225 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 102 கிலோ எடையுள்ள பார்பெல்லைக் கை ஓயுமட்டும் மார்புவரை இறக்கி ஏற்றும் பெஞ்ச் பிரஸ். 2011-ல் ஸ்டீபன் பேயா என்னும் வாலிபர் அதனை 49 தடவை செய்தார். பார்த்தவர்கள் பிரமித்தது நியாயமே. ஆனால், ஒரே ஒரு தடவை மட்டும் தூக்குவதானால் அவரால் எவ்வளவு எடையை உயர்த்த முடியும் என்ற கேள்விக்கு அந்த 49 விடை சொல்லுமா?

உச்ச பலத்தை நேரில் தூக்கவைத்து அறிவது பிரத்யட்சம். அதில் தோள்மூட்டுக்கு அபாயம் உண்டு என்பதனாலும், குழுவில் ஒவ்வொருவருக்கும் எடையைக் கூட்டிக் கூட்டிப் பார்க்கப் பொழுது போதாது என்பதனாலும், குறைந்த எடையைப் பல தடவை தூக்கவைத்து உச்சத்தைக் கணிக்கும் அனுமான முறை புழக்கத்துக்கு வந்தது. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் பலப்பயிற்சி ஆசானாக விளங்கிய பாய்ட் எப்லியின் 1985-ஆம் ஆண்டுச் சூத்திரம், தூக்கிய எடையோடு, ஒவ்வொரு தடவைக்கும் அதில் 30-ல் ஒரு பங்கைக் கூட்டச் சொல்கிறது. 1993-ல் மாட் பிரிஸிக்கி வெளியிட்டதோ, எடையை 36-ஆல் பெருக்கி, 37-லிருந்து தடவைகளைக் கழித்த மிச்சத்தால் வகுக்கச் சொல்கிறது. 102 கிலோவை 10 தடவை தூக்கியவனுக்கு இரண்டும் ஒரே குரலில் 136 கிலோ என்கின்றன. ஐந்து தடவைக்கு 119 என்கிறது ஒன்று, 115 என்கிறது மற்றொன்று. பயிற்சிக்கூடத்தில் இந்த வித்தியாசம் பெரிதன்று.

பேயாவின் 49-ஐ இட்டுப் பார்த்தாலோ, எப்லி 269 கிலோ என்கிறார். பிரிஸிக்கியின் கணக்கு, 37-லிருந்து 49-ஐக் கழிக்கப் புகுந்து, அந்த மகாபலசாலியின் பலம் மைனஸ் 306 கிலோ என்று தீர்ப்பளிக்கிறது! மறுகோடியில், கூடைப்பந்து வீரர் கெவின் டுராண்ட் 2007-ல் இதையொத்த பரீட்சையில் 185 பவுண்டை, அதாவது 84 கிலோவை, ஒரு தடவைகூட உயர்த்தவில்லை. எப்லியின் சூத்திரத்தில் பூஜ்யத்தை இட்டால், அவரால் அதே 84 கிலோவைத் தூக்க முடியும் என்று விடை வருகிறது. (அவர் 2014-ல் என்பிஏ லீகின் தலைசிறந்த ஆட்டக்காரராகத் தேர்வு பெற்றார் என்பது வேறு கதை.)

புகைக்கும் நெருப்புக்கும் உள்ளதுபோல் நீங்காத சம்பந்தம் இருந்தாலன்றி அனுமானம் செல்லாது என்பது தர்க்க சாஸ்திரிகளின் கொள்கை. உச்ச எடையை ஒரு தடவை உயர்த்துவது, சில விநாடிகளுக்குள், நரம்புகள் இயன்ற அளவு தசைநார்களை ஒருங்கே திரட்டிவிடும் காரியம். 49 தடவை உயர்த்துவதோ, மூச்சையும், தசையில் மூளும் எரிச்சலைப் பொறுக்கும் திறனையும், கை குட்டையா நெட்டையா என்பதையும் பொறுத்த காரியம். பத்துத் தடவைக்குள் இவ்விரண்டுக்குமிடையே நிலவும் சம்பந்தம் அதற்கப்பால் தேய்ந்துபோகிறது. அங்கமும் அதனை மாற்றும்: உச்சத்தில் 60 சதவீத எடையைத் தோளில் ஏற்றிக் குந்தி எழுபவன், அதே விகித எடையைக் கையால் மடக்குவதைவிட அதிகத் தடவை தாக்குப்பிடிப்பான்.

ஆகவே, தன் பயிற்சிக்கு எடையை வகுத்துக்கொள்ள விரும்புகிறவன் மூன்று முதல் ஐந்து தடவைக்குள் ஓய்ந்துபோகும் எடையைத் தேர்ந்து கணக்கிடுவதே விவேகம். இன்னும் நுட்பமான வழியொன்றை ஸ்பானிய ஆய்வாளர்கள் 2010-ல் காட்டினர்: பெஞ்ச் பிரஸ்ஸில் உச்ச எடை உயரும் வேகம் பெரும்பாலோருக்கு விநாடிக்கு ஏறத்தாழ 0.16 மீட்டரே ஆதலால், இலகுவான எடைகள் எவ்வளவு வேகமாக எழுகின்றன என்று அளந்தே, களைக்கவைக்காமல் உச்சத்தைக் கணித்துவிடலாம். இண்டியானாபோலிஸிலோ, 90 கிலோ உடம்புக்காரருக்கும் 150 கிலோ உடம்புக்காரருக்கும் அதே 102 கிலோதான். ஐந்து தடவையில் ஓய்ந்தவரின் பலமும் முப்பதைத் தாண்டியவரின் தாங்குதிறனும் ஒரே பட்டியலில், ஒரே பெயரில் ஏறுகின்றன.