நோயுற்ற இருதயமும் மாதிரி விலங்கும்

இருதயம் திடீரெனத் தளர்ந்து உடலுறுப்புகளுக்கு வேண்டிய குருதியைச் செலுத்தமாட்டாத நிலையை ஆராய்வோர், பன்றி, செம்மறி, நாய் முதலிய பெருவிலங்குகளில் அந்நிலையைச் செயற்கையாக உண்டாக்குவர். நிமிடத்திற்கு 500 தடவைக்கு மேல் துடிக்கும் சுண்டெலியின் இருதயம் மனித இருதயத்துக்கு ஒப்பாகாமை வெளிப்படை. பெருவிலங்கினது இருதயம் எவ்வளவிற்கு ஒப்பாகும் என்பதே ஆராயத்தக்கது.

முடியுருநாடியைப் பலூனால் அடைத்தல், அதனுள் நுண்மணிகளைச் செலுத்திச் சிறுகலன்களை அடைத்தல், மின்தூண்டலால் இருதயத்தை மிகு விரைவாகத் துடிக்கச் செய்தல் என முறைகள் பல. நாயின் இருதயத்திற் கிளைநாடியிணைப்புகள் மிகுதி. ஒரு நாடி அடைபடினும் வேறு வழியாற் குருதி வந்து சேர்தலின் சேதம் நாய்க்கு நாய் வேறுபடும். பன்றியில் அவ்விணைப்புகள் மிகச் சிலவே. ஆதலின் சேதம் பெரிதும் அளவொத்து அமையும். ஆயின், அடைத்த சிறிது நேரத்துள் இதயவறை ஒழுங்கின்றி நடுக்குற்றுப் பன்றி இறந்துபடுதலும் உண்டு. பிழைத்தவற்றை மாத்திரம் எண்ணி முடிவு கூறும் கட்டுரைகளை ஐயத்தோடுதான் படித்தல் வேண்டும்.

பெருநாடியுட் செலுத்தும் பலூன் பம்பியின் வரலாறு இங்கே நினைக்கத்தக்கது. 1962 இல் மூலோபூலோஸ், டோபாஸ், கொல்ஃப் ஆகியோர் அதனை நாய்களிற் சோதித்து வெளியிட்டனர். 1967 இல் நியூயோர்க்கிற் கன்றோவிற்ஸ் அதனை நோயாளரிற் பயன்படுத்தினார். பின்னர் அது பல்லாண்டுகள் எங்கும் வழங்கிற்று. மாரடைப்பால் அதிர்ச்சியுற்று, அடைபட்ட நாடி திறக்கப்பெறவிருந்த 600 நோயாளரைக் கொண்டு சேர்மனியில் நடந்த ஆய்வு 2012 இல் வெளிவந்தது. முப்பது நாளுள் இறந்தோர், பம்பி பெற்றோருள் நூற்றுக்கு 39.7, பெறாதோருள் 41.3. பம்பியால் உயிர் காக்கப்பட்டது என்று கூற இவ்வேறுபாடு போதாது.

இதனால் விலங்குகள் பொய்யுரைத்தன என்றல் பொருந்தாது. அமுக்கமும் குருதியோட்டமும் திருந்துமோ என்பதே அவற்றிடம் கேட்கப்பட்ட கேள்வி. நோயாளன் பிழைப்பானோ என்பதன்று. ஆய்வுகூடத்துப் பன்றி பெரும்பாலும் இளமையும் நலமும் உடையது, மயக்கமருந்தில் ஆழ்ந்திருப்பது. அம்மருந்தே இருதயத்தைத் தளர்த்தவல்லது. அடைப்பு நேர்ந்த கணமும் ஆய்வாளருக்குத் தெரியும். வைத்தியசாலைக்கு வருபவரோ பெரும்பாலும் முதியவர். நீரிழிவும் சிறுநீரகக் கோளாறும் உடன்கொண்டு, சில மணி நேரம் கழித்தே வருபவர்.

மூப்பும் பிணியும் உடைய விலங்குகளைப் பேணல் பெருஞ்செலவாம் என்பது மெய்யே. எனினும், குருதியமுக்கம் குறைதலோடு அமையாது, குருதியில் இலத்திரிக்கமிலம் ஏறுமளவும் காத்திருந்து பின்னரே சிகிச்சையைத் தொடங்குதற்கு அத்துணைச் செலவு வேண்டியதில்லை.